கோதம் பவுல்: இரண்டு முறை நடந்து நின்றுபோன போட்டி. குளிர்தான் காரணமா?

வாசகர் கேள்வி, 2024 டிசம்பர் 10

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி இந்த மாதம் 28ஆம் தேதி நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பின்ஸ்ட்ரைப் பவுல் ஆடப்போகிறது. அறுபதுகளில் இதே ஊரில் கோதம் பவுல் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் மூடிவிட்டார்கள். டிசம்பர் குளிரில் திறந்தவெளியில் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள்? குளிர்தான் அதைக் கொன்றது என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

டிசம்பர் 10, இரவு

பாதி மறுக்கிறேன். நான் நெப்ராஸ்காவில் ஏழு ஆண்டுகள் இருந்தவன். அந்தப் போட்டியின் பெயரை அங்கே தலைநகர் லிங்கனில் இன்றும் மரியாதையோடுதான் சொல்வார்கள். நியூயார்க்கில் அப்படியொன்று நடந்ததே பலருக்குத் தெரியாது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைத்து ஆடும் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. பருவம் முடிந்த பிறகு, நன்றாக ஆடிய அணிகளை அழைத்து ஏதாவது ஓர் ஊர் நடத்தும் ஒற்றை ஆட்டத்துக்குப் பவுல் என்று பெயர். கிண்ணம்போலக் குழிந்த அரங்குகளிலிருந்து வந்த பெயர் அது. யேல் பல்கலைக்கழகம் 1914இல் அப்படி ஒன்றைக் கட்டியது. கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கு 1922இல் வந்தது. வெயில் காயும் ஊர்கள் குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்களை வரவழைக்கக் கண்டுபிடித்த வழி என்றும் சொல்லலாம். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, லூசியானா, டெக்சஸ் என்று பெரிய பவுல்கள் எல்லாம் அந்தப் பக்கம் அமைந்தது அதனால்தான்.

நியூயார்க் தானும் ஒன்று நடத்த முனைந்தது. 1960இலேயே ஏற்பாடு. ஓரிகன் ஸ்டேட் அணி வரத் தயாராக இருந்தது; எதிரே நிற்க அணி கிடைக்கவில்லை, ஆட்டம் நடக்கவேயில்லை. 1961 டிசம்பர் 9 அன்று போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம்: பேய்லர் 24, யூட்டா ஸ்டேட் 9. 1962 டிசம்பர் 15 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் இரண்டாவது: நெப்ராஸ்கா 36, மயாமி 34. மூன்றாவது கிடையாது.

இரண்டாவது ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஏழாயிரம் பேர். அறுபதாயிரத்துக்கும் மேல் உட்காரக்கூடிய அரங்கு அது. மயாமியின் ஜார்ஜ் மிரா ஆட்ட நாயகன். தரை உறைந்து இறுகிக் கிடந்தது. குளிர் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 8 அன்று, நியூயார்க் நாளிதழ்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 114 நாட்கள் ஊரில் முக்கியப் பத்திரிகைகள் எதுவும் வரவில்லை. இப்படியொரு ஆட்டம் இருக்கிறது என்று யார் யாரிடம் சொல்லியிருப்பார்கள்? தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பணமில்லாதவர்களுக்குப் பத்திரிகைதானே வாய்? கோதம் பவுலைக் கொன்றது பத்திரிகை நின்றது. இதுதான் என் கருத்து.

டிசம்பர் 11

இரண்டு திருத்தங்கள். ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி.

வந்தவர்கள் 6,166 பேர். ஏழாயிரம் என்று நான் எழுதியது தவறு. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்தானே என்று விட முடியாது. அவ்வளவு பெரிய அரங்கில் அந்த ஆயிரம் பேரும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்திருப்பார்கள்.

ஆட்ட நாயகன் மிரா அல்ல, நெப்ராஸ்காவின் வில்லி ராஸ். மிரா அன்று 46 முறை எறிந்து 24ஐத் தன் ஆட்களின் கையில் சேர்த்தார், 321 யார்டுகள். உறைந்த தரையில், விறைத்த விரல்களால் அப்படி எறிந்தவரின் பெயர் மனத்தில் நின்றதால் நாயகன் பட்டத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். தோற்ற அணிக்காரர்தான் அன்றைய ஆட்டத்தில் மிக அழகாக ஆடியவர் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் பட்டம் ராஸுக்குத்தான் போனது, அதற்குக் காரணமும் உண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 12, விடிகாலை

தூக்கம் வரவில்லை. முந்தாநாள் எழுதியதில் பெரிய ஓட்டை இருக்கிறது.

அதே 1962. அதே டிசம்பர். அதே யாங்கி ஸ்டேடியம். கோதம் பவுல் முடிந்து சரியாகப் பதினைந்தாம் நாள், டிசம்பர் 30 அன்று, தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் மோதின. அன்றைய குளிரும் காற்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வது. பந்து எறிந்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 64,892.

பத்திரிகை வேலைநிறுத்தம் அன்றும் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆகக் குளிரும் காரணமில்லை, பத்திரிகையும் காரணமில்லை. வாசகரின் வாதமும் விழுந்தது, என் வாதமும் விழுந்தது. அறுபத்தைந்தாயிரம் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரத் தயாராக இருந்த ஊரில், இரண்டு வாரம் முன்பு ஏன் ஆறாயிரம் பேர்தான் வந்தார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

டிசம்பர் 12, மாலை

அலுவலகத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் யோசித்தது.

ஜயண்ட்ஸ் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஜயண்ட்ஸ் தங்கள் அணி. தோற்றால் (அன்று 16-7 என்று தோற்றார்கள்) ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. நெப்ராஸ்காவும் மயாமியும் நியூயார்க்காரனுக்கு யார்? ஒன்று நாட்டின் நடுவே சோள வயல் சூழ்ந்த மாநிலம், இன்னொன்று தென்கோடிக் கடற்கரை. தேரை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் வடம் பிடிக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும். கோதம் பவுலில் தேர் இருந்தது, வீதி இருந்தது, வடத்தில் கை வைக்க ஆள் இல்லை.

நியூயார்க்காரர்களுக்குக் கல்லூரிக் கால்பந்து பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1946இல் ராணுவக் கல்லூரியும் நோட்டர் டேமும் இதே யாங்கி ஸ்டேடியத்தில் 0-0 என்று முடித்த ஆட்டத்துக்கு எழுபதாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். நோட்டர் டேம் இருப்பது இந்தியானாவில். அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காத நியூயார்க் ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் அதைத் தங்கள் அணியாகவே வரித்துக்கொண்டார்கள். சுரங்க ரயிலில் ஏறி ஆட்டத்துக்கு வந்ததால் அவர்களுக்குச் ‘சுரங்க ரயில் பழைய மாணவர்கள்’ என்றே பெயர். பாசம் இருந்தால் தூரம் பொருட்டே இல்லை.

ஊரின் சொந்த அணிகளோ ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஃபோர்டம் பல்கலைக்கழகம் 1942இல் சுகர் பவுலில் மிசூரியை 2-0 என்று வென்ற அணி. 1954 பருவத்தோடு பெரிய கால்பந்தை விட்டது. நியூயார்க் பல்கலைக்கழகம் அதற்கும் முன்பே, 1952 பருவத்தோடு நிறுத்திவிட்டது. கொலம்பியா 1934இல் ரோஸ் பவுலிலேயே ஸ்டான்ஃபோர்டை 7-0 என்று வென்றது. பிறகு அதுவும் சேர்ந்த ஐவி லீக் என்ற கூட்டமைப்பின் கல்லூரிகள் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களுக்கே போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. 1961இல் பவுல் தொடங்கியபோது, அழைத்தால் ஊரே திரண்டு வரக்கூடிய உள்ளூர்க் கல்லூரி ஒன்றுகூட மிச்சமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியிருந்தால் கதையே வேறு.

டிசம்பர் 14

முதல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1961, போலோ கிரவுண்ட்ஸ், 15,123 பேர். அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டால் அதுவே பெருங்கூட்டம். யூட்டா ஸ்டேட் அந்தப் பருவத்தில் தோற்கவேயில்லை. ஒன்பது வெற்றி, ஒரு சமன். தரவரிசையில் பத்தாம் இடம். மெர்லின் ஓல்சன் அந்த அணிக்காரர்தான். முன்வரிசையின் நடுவில் நின்று ஆடுபவர்களில் சிறந்தவருக்கான அவுட்லேண்ட் விருதை அந்த ஆண்டு வாங்கினார், பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் பெரும்புகழ் பெற்றார். பேய்லரோ ஐந்து வென்று ஐந்து தோற்ற அணி. வென்றது பேய்லர். தரவரிசையைப் பார்த்துப் பந்தயம் கட்டாதீர்கள் என்று என் மகனுக்குச் சொல்ல நான் வைத்திருக்கும் உதாரணங்களில் இது ஒன்று.

போலோ கிரவுண்ட்ஸ் 1964இல் இடிக்கப்பட்டது. அங்கே இப்போது முப்பது மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன். மைதானத்துக்குப் பின்னால் கூகன்ஸ் பிளஃப் என்ற பாறை மேடு. மேட்டின் மேலே எட்ஜ்கோம் அவென்யூ. அங்கிருந்து டிக்கெட் வாங்கும் இடத்துக்கு இறங்கிவர ஒரு படிக்கட்டு கட்டியிருந்தார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளராக இருந்த ஜான் பிரஷ் நினைவாக அந்த அணி கொடுத்தது. நடுவே ஓர் இடைத்தளத்தின் தரையில் அவர் பெயரையும், கொடுத்தவர்கள் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்பதையும் எழுத்தாகப் பதித்திருக்கிறார்கள். பல காலம் சிதைந்து கிடந்ததைப் புதுப்பித்திருக்கிறார்கள். நான் போன அன்று முதல்நாள் மழை. எழுத்துகளின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு எழுத்தும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண்மணி இரண்டு கையிலும் மளிகைப் பையோடு அதன்மேல் ஏறிப்போனார். அரங்கு இல்லை, அணி கலிஃபோர்னியாவுக்குப் போய் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, படிக்கட்டு மட்டும் மக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. 1961 டிசம்பரில் அந்தப் பதினையாயிரம் பேரில் சிலரும் இதே படியில்தான் இறங்கியிருப்பார்கள்.

டிசம்பர் 15

இன்று அந்த ஆட்டத்துக்கு 62 ஆண்டு. வில்லி ராஸ் கதையைச் சொல்ல இதைவிட நல்ல நாள் இல்லை.

1997 ஆகஸ்டில் முதுகலை படிக்க லிங்கன் போய்ச் சேர்ந்தேன். வாடகைக்கு எடுத்தது ஒரு பெரியவர் வீட்டின் கீழ்த்தளம். கிழமைகளில் சனியை எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்த ஊர் அது. சனி என்றால் ஆட்டம்; அணியின் நிறத்தில் ஊரே சிவப்பு. மளிகைக் கடையில், வங்கியில், தேவாலய வாசலில், எங்கும் சிவப்புச் சட்டை. பல்கலைக்கழக அணியின் அரங்கான மெமோரியல் ஸ்டேடியம் நிறைந்தால் அதுவே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள். 1962 நவம்பர் 3 முதல் ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. அந்தத் தொடர் இன்றும் அறுபடவில்லை.

1962 என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நெப்ராஸ்கா வென்றது 15, தோற்றது 34. 1962இல் வயோமிங்கிலிருந்து பாப் டெவனி பயிற்சியாளராக வந்தார். முதல் பருவத்திலேயே ஒன்பது வெற்றி. ஒன்பதாவதுதான் கோதம் பவுல். அதற்கு முன் இரண்டு பவுல்கள் ஆடி இரண்டிலும் தோற்றிருந்தார்கள்: 1941 ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டிடம், 1955 ஆரஞ்ச் பவுலில் டியூக்கிடம். நெப்ராஸ்காவின் முதல் பவுல் வெற்றி நியூயார்க்கின் காலி அரங்கில்தான் கிடைத்தது.

பெரியவருக்கு அப்போது பதினொரு வயது. மாநிலத்தின் மேற்கே அப்பாவின் பண்ணையில், மாட்டுத் தொழுவத்தில் வானொலியை வைத்துக்கொண்டு கேட்டாராம். சமையலறை மேசையில் எண்ணெய்த் துணி விரித்திருக்கும். ராஸ் ஓடியதைக் காட்ட உப்புக் குப்பியை எடுத்துக்கொள்வார். இந்தக் கோடியில் வைப்பார். காப்பிக் கோப்பைகளும் மிளகுக் குப்பியும் சர்க்கரைக் கிண்ணமும் மயாமி ஆட்கள். ‘இங்கே பிடித்தான்’ என்று குப்பியை ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு மெல்ல நகர்த்துவார். கோப்பைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் நுழைந்து, மேசையின் விளிம்பை ஒட்டிக்கொண்டு, அந்தக் கோடி வரை. 92 யார்டு. எதிரி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து, யார் கையிலும் சிக்காமல் எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை ஓடி டச் டவுன். நூறு யார்டு மைதானத்தில் 92. குப்பி மேசையின் கடைசிக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும், நான் முதன்முதலாகக் கேட்பதுபோல.

ஆட்டத்தின் கடைசியில் இரண்டே புள்ளி வித்தியாசம். மிரா மறுபடியும் எறிந்துகொண்டே முன்னேறுகிறார். அப்போது அவர் எறிந்த ஒரு பந்தை நெப்ராஸ்காவின் பாப் பிரவுன் நடுவில் புகுந்து பிடித்தார். ஆட்டம் முடிந்தது. பந்து பிடிப்பது அவர் வேலையே இல்லை; எதிரியை முட்டித் தள்ளும் மலைபோன்ற ஆள் அவர். பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் 2004இல் இடம்பெற்றார். பெரியவர் இதைச் சொல்லும்போது மிளகுக் குப்பியைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்.

டிசம்பர் 15, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. காசோலைக் கதை. நெப்ராஸ்கா அணி லிங்கனில் மூட்டை கட்டித் தயாராக நின்றும், போட்டி நடத்துபவர்கள் கொடுக்க வேண்டிய பணம் கையில் உறுதியாகும் வரை விமானம் கிளம்பவில்லை. அந்த ஊரில் இதை அறியாதவர் இல்லை. ‘காசோலை மாறும்வரை சக்கரம் உருளாது’ என்று பெரியவர் மேசையைத் தட்டிச் சொல்வார். நடத்துபவர்களிடம் எவ்வளவு பணம் இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

டிசம்பர் 17

‘உள்ளூர்ப் பாசம் இருந்தால் பவுல் பிழைக்கும் என்கிறீர்கள், அப்படியானால் செர்ரி பவுல்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

செர்ரி பவுலும் இரண்டே ஆண்டு வாழ்ந்ததுதான். 1984, 1985. டெட்ராய்ட் பக்கத்தில் பான்டியாக் சில்வர்டோம், மேலே கூரை, உள்ளே கதகதப்பு. முதல் ஆண்டு ராணுவக் கல்லூரி 10, மிச்சிகன் ஸ்டேட் 6. வந்தவர்கள் 70,332 பேர்! உள்ளூர் அணி, உள்ளூர்ப் பாசம், குளிர் கிடையாது, கூட்டம் உண்டு. அடுத்த ஆண்டு மேரிலாந்தும் சிரக்யூஸும் ஆடின, இரண்டுமே அந்த மாநிலத்தைச் சேர்ந்தவை அல்ல, கூட்டம் குறைந்தது. பணக் கணக்கு உதைத்தது, அதோடு முடிந்தது.

ஆக நான் 12ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பாசம் ஓர் ஆண்டைக் காப்பாற்றும். அடுத்த ஆண்டு வருவது யாருடைய அணி என்று யாருக்கும் தெரியாது. அழைக்கப்படும் அணிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒரு போட்டி, நஷ்ட ஆண்டைத் தாங்கக் கையில் ஏதாவது வைத்திருக்க வேண்டும். கோதம் பவுலுக்கு முதல் ஆண்டிலேயே கை காலி.

டிசம்பர் 18

நின்றுபோன பவுல்களின் குறும்பட்டியல் கேட்டவருக்கு. நியூயார்க் மட்டும்தான் இப்படித் தோற்றது என்று நினைக்க வேண்டாம். கென்டக்கியின் லூயிவில் நகரம் 1958இல் புளூகிராஸ் பவுல் நடத்தியது, ஒரே ஒரு முறை: ஓக்லஹோமா ஸ்டேட் 15, ஃபுளோரிடா ஸ்டேட் 6. ஒஹாயோவின் டேட்டன் நகரம், ரைட் சகோதரர்களின் ஊர், 1961இல் ஏவியேஷன் பவுல் நடத்தியது: நியூ மெக்சிகோ 28, வெஸ்டர்ன் மிச்சிகன் 12. அதுவும் ஒரே முறைதான். அது நடந்தது டிசம்பர் 9, முதல் கோதம் பவுல் நடந்த அதே சனிக்கிழமை.

மெர்சி பவுலைத் தோல்விக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தயவுசெய்து. 1960 அக்டோபர் 29 அன்று, பௌலிங் கிரீனில் ஆடிவிட்டு ஊர் திரும்ப ஒஹாயோவின் டொலிடோவில் விமானம் ஏறிய, கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரி அணி விபத்துக்குள்ளானது. இறந்தவர்கள் 22 பேர், அவர்களில் 16 பேர் ஆட்டக்காரர்கள். அந்தக் குடும்பங்களுக்காக 1961 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டும், இறந்தவர்கள் கடைசியாக எதிர்த்து ஆடிய அதே பௌலிங் கிரீனும் ஆடின. முப்பதாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். அது வந்த வேலையை முடித்துவிட்டுப் போன போட்டி.

டிசம்பர் 21

லிபர்ட்டி பவுல் பற்றி யாருமே கேட்காதது ஆச்சரியம். கோதம் பவுலின் அண்ணன் என்று சொல்லத்தக்கது. 1959இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரம், அதே குளிர், அதே டிசம்பர். அதற்கும் கூட்டம் வற்றிக்கொண்டே வந்தது. 1964இல் அட்லான்டிக் சிட்டிக்குப் போய், ஒரு மாநாட்டு அரங்கின் கூரைக்குக் கீழே புல் விரித்து ஆடினார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர், கோதம் பவுல் அளவுதான். அத்தோடு செத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத்துக்கு மூட்டை கட்டியது. அந்த ஊர் அதைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. இன்றும் அங்கேதான் நடக்கிறது.

கோதம் பவுல் வேறு ஊருக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா? பெயரிலேயே நியூயார்க் இருக்கிறதே, எங்கே போகும்? கோதம் என்பது 1807இல் வாஷிங்டன் இர்விங் அந்த ஊருக்கு வைத்த பட்டப்பெயர். லிபர்ட்டி, அதாவது விடுதலை, என்ற பெயரை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம். கோதம் என்பதை நியூயார்க்குக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

டிசம்பர் 28, இரவு

போய்விட்டு வந்தேன். மகனும் நானும். நெப்ராஸ்கா 20, பாஸ்டன் காலேஜ் 15.

நன்றாக முன்னணியில் இருந்துவிட்டுக் கடைசிப் பகுதியில் வயிற்றைக் கலக்கினார்கள். 2016க்குப் பிறகு முதல் பவுல், 2015க்குப் பிறகு முதல் பவுல் வெற்றி. டிசம்பர் மாதத்துக்குக் குளிர் குறைவுதான். ரயிலில் 161ஆம் தெருவில் இறங்கும்போதே எங்கு பார்த்தாலும் சிவப்பு. லிங்கனில் சனிக்கிழமை காலையில் கண்ட அதே சிவப்பை பிராங்க்ஸின் ரயில் நிலையப் படியில் கண்டபோது தொண்டை அடைத்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பதி நெப்ராஸ்காவின் ஓமஹாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டு நாள்.

என் 12ஆம் தேதிக் கருத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நியூயார்க்காரர்கள் இன்றும் வடம் பிடிக்கவில்லை. வடத்தோடு சேர்த்து ஆட்களையும் இப்போது வெளியூரே அனுப்பிவைக்கிறது. 1962இல் ஒரு பண்ணைக்காரக் குடும்பம் ஓர் ஆட்டத்துக்காக நியூயார்க் வருவது நடக்கிற காரியமா? அதோடு எந்தெந்த அணிக்கூட்டமைப்புகள் அணி அனுப்பும் என்று இன்று முன்னதாகவே ஒப்பந்தம் இருக்கிறது, தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது. 2010 முதல் பின்ஸ்ட்ரைப் பவுல் நிற்பது இந்த மூன்றின்மேல்தான்.

டிசம்பர் 29

ஒரு வாசகர் அனுப்பியதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். 2010இல் நடந்த முதல் பின்ஸ்ட்ரைப் பவுலில் சிரக்யூஸ் கேன்சஸ் ஸ்டேட்டை வென்றது. எத்தனைக்கு எத்தனை? 36-34. யாங்கி ஸ்டேடியத்தில் 1962இல் நடந்த கடைசி பவுல் எந்தக் கணக்கில் முடிந்ததோ, 48 ஆண்டு கழித்து அடுத்த பவுல் அதே கணக்கில். இத்தனை ஆண்டு இரண்டு எண்ணையும் தனித்தனியாக அறிந்திருந்தும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மிக்க நன்றி.

அரங்கு மட்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்போதைய யாங்கி ஸ்டேடியம் 2009இல் திறந்தது. 1962இல் ஆடிய பழைய அரங்கு சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. இடித்துவிட்டார்கள். அந்த இடம் இப்போது ஹெரிட்டேஜ் ஃபீல்டு என்ற பொது விளையாட்டுத் திடல்.

2025 ஜனவரி 12

பெரியவரோடு தொலைபேசியில் பேசினேன். எழுபத்து மூன்று முடிந்துவிட்டது, காது கொஞ்சம் மந்தம். பின்ஸ்ட்ரைப் பவுலைத் தொலைக்காட்சியில் முழுதும் பார்த்தாராம். வென்றதைப் பற்றி அரை நிமிடம் பேசினார். பிறகு கேட்டார்: ‘பழைய இடத்துக்குப் போனாயா?’

போகவில்லை என்றேன். ஆட்டம் முடிந்த நெரிசலில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ரயிலுக்கு நடந்துவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. ‘தெருவைத் தாண்டினால் போதும் என்கிறாய், தாண்டவில்லையா?’ என்றார்.

ஜனவரி 19

இன்று தாண்டினேன்.

திடலுக்குள் போகவில்லை, வேலியை ஒட்டிய நடைபாதையில் நின்றேன். இரண்டு பையன்கள் கையுறை போட்டுக்கொண்டு பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலியின் ஒரு முனையிலிருந்து நீள நீளமாக எட்டு வைத்து எண்ணினேன். ஓர் எட்டுக்கு ஒரு யார்டு. தொண்ணூற்று இரண்டு. மேசையில் உப்புக் குப்பி நகரும்போது அது இவ்வளவு தூரம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அறுபதாவது எட்டிலேயே மூச்சில் ஆவி அடர்த்தியாக வந்தது. ராஸ் இதை ஓடினார், துரத்திவந்தவர்களோடு.

நடந்து முடித்த இடத்திலிருந்து பெரியவரை அழைத்தேன். எண்ணிய கணக்கைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: ‘தரை எப்படி இருக்கிறது?’

குனிந்து, வேலியோரப் புல்லில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கல்போல இருக்கிறது என்றேன்.

‘அன்றும் அப்படித்தான்’ என்றார்.